வேரோடு போகும் உரம்

செம்பூர் பால்கனித் தொட்டியிலும் தாராவி மாடியில் பெயிண்ட் டப்பாவிலும் அவரை, காராமணி வளர்ப்பவர்கள் நம்மில் பலர். காய்ப்பு ஓய்ந்ததும் கொடியை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போடுகிறோம். பிறகு உரத்துக்குக் காசு கொடுக்கிறோம்! மூன்று வருடம் நானும் இதைத்தான் செய்தேன்.

பூக்கும் பருவத்தில் ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். வேரில் கடுகளவு, மிளகளவு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான பொருள்தான் அந்த நிறம். உள்ளே குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா, காற்றில் 78 சதவீதமுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. 1888-இல் ஹாலந்து விஞ்ஞானி பெய்ஜெரிங்க் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார். யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு சரியாகக் கட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செடி உயிரோடிருக்கும்போது வேரிலிருந்து மண்ணுக்குக் கசிவது கொஞ்சம்தான். வேரும் முடிச்சும் இலையும் மண்ணிலேயே மக்கும்போது, நுண்ணுயிர்கள் அவற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அதைத்தான் அடுத்த பயிர் உறிஞ்சுகிறது.

ஊரில் கொழிஞ்சியையும் தக்கைப்பூண்டையும் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவார்களே, அது இதற்காகத்தான். முற்ற விட்டால் சத்தில் பெரும்பங்கு விதைக்குப் போய்விடும். நம் அவரையிலும் அப்படியே, மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் ஏன் வீச வேண்டும்?

தண்டை மண்ணோடு ஒட்ட வெட்டுங்கள். வேர் உள்ளேயே கிடக்கட்டும். இலைகளையும் கிள்ளிப் புதைத்து, சில வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்து, அதே தொட்டியில் தண்டுக்கீரை விதையுங்கள்.