வழுக்கையின் முதற்படி: கொட்டுவதை எண்ணாதீர்கள், நெற்றியைப் பாருங்கள்

"அந்த முகாம் வாழ்க்கைதான் என்ரை தலையைக் கெடுத்தது" என்று முப்பதைத் தாண்டிய நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேறு சிலர் சவர்த் தண்ணீரையும் ஹெல்மெட்டையும் குற்றம் சொல்கிறார்கள். 2009இல் பதின்ம வயதில் இருந்தவர்கள் இன்று ஆண் வழுக்கை பலருக்கு வெளித்தெரியும் வயதில் நிற்கிறார்கள். அதனால் இரண்டையும் முடிச்சுப் போடுவது இயல்பு. ஆனால் காரணத்தைப் பிழையாகப் பிடித்தால் செலவழிக்கும் பணமும் வீணாகும்.

இரண்டு வகை இழப்பு

பட்டினி, பேரதிர்ச்சி, டெங்கு போன்ற கடும் காய்ச்சல் ஆகியவை மயிரைக் கொட்டச் செய்யும் என்பது உண்மை. ஆனால் அது நடந்து இரண்டு மூன்று மாதங்களின் பின், தலை முழுவதும் பரவலாகக் கொட்டும். காரணம் நீங்கினால் பெரும்பாலும் சில மாதங்களில் மீண்டும் முளைத்துவிடும். பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய பட்டினி இன்றைய நெற்றியை ஏற்றாது.

ஆண் வழுக்கை பரம்பரையானது. டெஸ்டோஸ்டெரோனில் இருந்து உருவாகும் டிஎச்டி என்ற ஹோர்மோன், மரபுவழியாக அதற்கு இலகுவில் பாதிக்கப்படும் மயிர்வேர்களைச் சுருக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மயிர் மெலிந்து, கட்டையாகி முளைக்கிறது. தண்ணீருக்கோ ஹெல்மெட்டுக்கோ இதில் பங்கில்லை. தாய்மாமனைப் பார்த்தால் போதும் என்பார்கள். உண்மையில் இரு பக்க வழியிலும் வரும். அப்பாவும் மாமாவும் இளவயதிலேயே இல்லாமற்போன எங்கள் வீடுகள் பலவற்றில், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முகமும் இல்லை.

எதைப் பார்ப்பது?

நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் வரை கொட்டுவது வழமை. ஆகவே சீப்பில் எண்ணிப் பயனில்லை. மருத்துவர்கள் பயன்படுத்தும் ஹமில்டன்-நோர்வூட் அளவுகோலில் முதலாம் படியில் நெற்றிக்கோடு ஏறக்குறைய அப்படியே இருக்கும். இரண்டாம் படியில் நெற்றியின் இரு மூலைகளும் முக்கோணமாகச் சற்றுப் பின்வாங்கும். பதின்ம வயது முடியும்போது எல்லா ஆண்களுக்கும் போல நெற்றிக்கோடு சிறிது ஏறி நின்றுவிடுவதுண்டு. அது வழுக்கை அல்ல. அந்த மூலைகளில் மயிர் மெலிந்துகொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து ஒப்பிட்டால் விடை தெரியும்.

என்ன செய்யலாம்?

முகநூலில் விற்கும் எண்ணெய்கள் சுருங்கிய வேரை மீட்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. சான்றுள்ளவை முக்கியமாக இரண்டு: தலையில் பூசும் மினொக்சிடில், விழுங்கும் பினாஸ்டிரைட். இரண்டும் இருப்பதைக் காப்பாற்றுவதில்தான் வலுவானவை. அதனால்தான் தொடக்கத்தில் அறிவது முக்கியம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்களாவது ஆகும். நிறுத்தினால் பலனும் போய்விடும். பினாஸ்டிரைட் சிலருக்குப் பாலியல் நாட்டத்தைக் குறைக்கலாம், மனச்சோர்வும் ஏற்படலாம். போரின் காயத்தோடு ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவற்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்காமல், அரச வைத்தியசாலையின் தோல்நோய் கிளினிக்கில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

வட்டமாகக் கொட்டினாலோ, தோல் சிவந்து நொந்தாலோ அது வேறு நோய், தாமதிக்க வேண்டாம். மற்றப்படி, ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு தெரிவுதான். ஆண் வழுக்கை உடலுக்குக் கேடு செய்வதில்லை. கலியாணப் பேச்சுக்காகக் கடன்பட்டுச் சிகிச்சை எடுக்கும் அளவுக்கு அது பெரிய விடயமில்லை.