தோலும் மண்ணு மாதிரிதான்!

'எலுமிச்சம்பழம் இயற்கைதானே' என்று முகத்தில் தேய்த்துக்கொண்டு ஒருநாள் களை எடுக்கப் போனேன். நாரணாபுரத்து வெயிலைச் சொல்லவா வேண்டும்? கன்னம் வெந்து சிவந்தது. கறுத்த தடம் மறைய மாதக்கணக்கானது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலை வெயில் சுட்டுவிடும் என்று தோல் மருத்துவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மண்ணைப் பார்த்துத்தானே பயிர் வைக்கிறோம்? தோலையும் அப்படிப் பாருங்கள். முகம் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். முகம் முழுக்க மினுங்கினால் எண்ணெய்த் தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கினால் கலப்புத் தோல்.

வறண்ட தோலுக்குச் சோப்பைக் குறையுங்கள். தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, சோப்போ காரம். குளித்த ஈரம் காயுமுன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய்த் தோலில் அதே எண்ணெய் பருவைக் கூட்டலாம். அதற்குப் பாசிப்பயறு மாவு போதும். கலப்புத் தோலுக்கு மினுங்கும் இடத்தில் மாவு, காயும் கன்னத்தில் எண்ணெய்.

எங்கள் தோட்டத்துக்கு வரும் பெண் பட்டாசு வேலைக்கும் போகிறவர். "அலுமினியப் பவுடர் போகணும்னு துணி சோப்பப் போட்டுத் தேய்க்கிறேன் அண்ணாச்சி, கையெல்லாம் வெடிச்சுப்போச்சு" என்றார். குளியல் சோப்புக்கு மாறி, ஈரக்கையில் எண்ணெய் தடவச் சொன்னேன். இப்போது வெடிப்பு ஆறிவருகிறது.

யாராக இருந்தாலும் 10 மணி முதல் 3 மணி வரை வெயிலில் நின்றால் தலைத்துண்டும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். புதிதாக எதைப் பூசுவதானாலும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒருநாள் பொறுங்கள். நான் அன்று பொறுக்கவில்லை.