தவணை உயர்ந்தால் கணக்குக் கேளுங்கள்

பிரிட்டனில் பல வீட்டார் மின்கட்டணத்தை மாதந்தோறும் ஒரே தொகையாக வங்கி வழியே செலுத்துகின்றனர். ஓராண்டுச் செலவை மதிப்பிட்டுப் பன்னிரண்டாகப் பகுப்பார்கள். கோடையில் மிஞ்சுவது குளிர்காலக் குறையை நிரப்பும். அங்கு வாழும் எனக்கு ஒருமுறை கடிதம் வந்தது: மாதத் தொகை 65 பவுண்டிலிருந்து 90 பவுண்டாகிறது. காரணம் கூறப்படவில்லை.

என் வீட்டுச் செலவு ஆண்டுக்கு 2,400 யூனிட். யூனிட்டுக்கு 25 பென்ஸ் வீதம் 600 பவுண்டு. நாளொன்றுக்கு 50 பென்ஸ் வீதம் நிலைக்கட்டணம் 182.50 பவுண்டு. கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்திற்குச் சுமார் 65 பவுண்டே. பழைய பாக்கியும் இல்லை. மீட்டரில் கண்ட எண்ணை எழுதியனுப்பி, எஞ்சிய 25 பவுண்டு எதற்கு என்று வினவினேன். மீட்டரைப் பாராமல் இட்ட மதிப்பீடு அது என்று தெரிந்தது; தொகை குறைந்தது.

மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். 2019 ஜனவரி முதல் அங்குள்ள விலை உச்சவரம்பு யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்திற்குமே எல்லை வகுக்கிறது. மாதத் தொகைக்கு அன்று. ஆயினும், கிடைக்கும் மிக அண்மைத் தகவலைக்கொண்டே அத்தொகையை நிர்ணயிக்க வேண்டும் என்பது ஆஃப்ஜெம் என்னும் ஒழுங்குமுறை அமைப்பின் விதி. கம்பெனி செவிசாய்க்காவிடில், குறித்த காலத்திற்குப் பின் எரிசக்திக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். முறையீட்டுக்கு வலிமை தருவது சினமன்று. மீட்டர் எண்ணும் அதை வைத்துப் போட்ட கணக்குமே.