மூட்டைக்குள் புகுந்த விலாசம்

நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பார் 1995-ஆம் ஆண்டில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஆக்கியபோது, இணையப் பக்கத்தில் சிறு பணிகளைச் செய்யும் சில வரிகளுக்கு அது போதும் என்றே கருதப்பட்டது. இன்றோ ஒரு வங்கியின் இணையதளத்தைத் திறந்தால், பலர் பல காலங்களில் எழுதிய நூற்றுக்கணக்கான நிரற்கோப்புகள் அதன் பின்னே நின்று வேலை செய்கின்றன. அத்தனையையும் பிரௌசர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவது கால விரயமாதலால், அவற்றை ஒன்றாகத் திரட்டி, வேண்டாத இடைவெளிகளை நீக்கிச் சுருக்கி, ஒருசில பெரிய கோப்புகளாகக் கட்டித் தரும் கருவிகள் தோன்றின. பண்ட்லர் என்பது அவற்றின் பொதுப்பெயர். 2012-இல் வெளிவந்த வெப்பேக்கும் 2020-இல் வந்த இஎஸ்பில்டும் அவ்வினத்தைச் சேர்ந்தவை.

இவ்வாறு கட்டிய மூட்டைக்குள், கட்டியவர் அறியாமலே, ஒவ்வொரு கோப்பும் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த இடத்தின் முழு விலாசமும் புகுந்துவிடுவது உண்டு: எந்த டிரைவ், எந்தப் பயனர், எந்த ஃபோல்டர், அதற்குள் எந்த ஃபோல்டர் என்று படிப்படியாக இறங்கிச் செல்லும் பாதை அது. விருந்தினர் இலையில் சோற்றோடு அரிசிக்கடைச் சீட்டும் வந்து விழுந்தாற்போன்ற இந்தப் பாதையால் பக்கத்தைப் பார்ப்பவருக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் பிரௌசரில் நிரலைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவரும், எழுதியவரின் லாகின் பெயரையும், சிற்சில சமயம் அவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதையும் அதிலிருந்து வாசித்துவிடலாம்.

புகும் வழிகள் பல. ரியாக்ட் லைப்ரரியைக் கொண்டு எழுதுவோர் பேபல் என்ற மொழிமாற்றுக் கருவியைத் துணைக்கொள்ளும்போது, பிழை நேர்ந்தால் எந்தக் கோப்பில் எந்த வரியில் நேர்ந்தது என்று காட்டும் பொருட்டு, டெவலப்மெண்ட் நிலையில் அக்கருவி முழுப் பாதையையும் வரி எண்ணையும் நிரலுக்குள்ளேயே குறித்துவைக்கிறது. எழுதும் காலத்தில் பேருதவியாகிய அக்குறிப்பு, அதே நிலையில் கட்டிய மூட்டையை அவசரத்தில் சர்வரில் ஏற்றிவிட்டால் ஊரறிந்த செய்தியாகிவிடுகிறது. இதனினும் விசித்திரமானது மற்றொன்று. என்பிஎம் கருவியின் பழைய பதிப்புகள், பிறர் எழுதிய பேக்கேஜ் ஒன்றை நிறுவும்போது, அதன் விவரக்கோப்பில் அது எங்கிருந்து நிறுவப்பட்டது என்பதற்கு அடையாளமாக நம் ஃபோல்டரின் பாதையையும் தாமாகவே எழுதிவைக்கும் வழக்கம் கொண்டிருந்தன. அந்தப் பேக்கேஜ் தன் பதிப்பெண்ணை அறிய வேண்டித் தன் விவரக்கோப்பையே வாசிக்குமானால், பண்ட்லர், பாவம், வேண்டப்பட்டது ஓர் எண்தான் என்பதை உணராமல், கோப்பு முழுவதையும் வாரி மூட்டையில் போட்டுவிடும்; நாம் எழுதிய நிரலில் எத்தனை தேடினாலும் அந்தப் பாதையின் மூலம் அகப்படாது. சுருக்கிய நிரலை மூல நிரலோடு இணைத்துக் காட்டும் சோர்ஸ் மேப்பிலும் பாதைகள் இடம்பெறுவது சகஜம்.

பாதை தெரிந்ததனாலேயே ஒருவர் பிறர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட முடியாது. அந்த அச்சம் சற்று மிகையானது என்பதே என் அபிப்பிராயம். அதிகம் பேசப்படாத வேறொரு கேடுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித்த ஹாஷ் என்னும் குறியீட்டை அதன் பெயரிலேயே சேர்ப்பது இக்காலத்து வழக்கம். பெயர் மாறாதவரை பிரௌசர் தான் முன்பே சேமித்துவைத்த பிரதியைக் கொண்டு வேலையை முடித்துக்கொள்ளும். ஓரெழுத்தும் மாறாத நிரலை இருவர் தத்தம் கம்ப்யூட்டரில் கட்டும்போது, மூட்டைக்குள் புகுந்த ஃபோல்டரின் பெயர் வேறு என்ற ஒரே காரணத்தால் ஹாஷும் வேறாகி, பார்ப்பவர் அனைவரும் அதே நிரலை மீண்டும் இறக்கிக்கொள்ள நேரிடுகிறது. அன்றியும், வெளியான மூட்டை இன்ன நிரலிலிருந்துதான் பிறந்தது என்பதை மூன்றாமவர் ஒருவர் தாமே கட்டி ஒப்பிட்டு உறுதிசெய்வதும் இயலாமற் போகிறது. இத்தகைய ஒப்பீட்டை இலட்சியமாகக் கொண்டு டெபியன் என்னும் இயங்குதளத் திட்டத்தார் பல்லாண்டுகளாக உழைத்துவருகின்றனர். கோ என்னும் நிரல்மொழியும் 2019-இல், பாதைகளை அகற்றுவதற்கென்றே தன் கருவியில் ஓர் ஏற்பாட்டைச் சேர்த்தது.

கட்டி முடித்த மூட்டையில் பாதையைத் தேடி அழித்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். அழித்த எழுத்துகளின் அளவுக்குப் பின்வருவன எல்லாம் இடம் பெயர்வதால் சோர்ஸ் மேப் பொய் சொல்லத் தொடங்கும். முன்பே கணித்துப் பெயரில் சேர்த்த ஹாஷுக்கும் உள்ளடக்கத்திற்கும் பொருத்தம் அற்றுப்போகும். ஆகவே பாதை பிறக்கும் இடத்திலேயே அதைத் தடுப்பதுதான் தக்கது. வெளியீட்டுக்குரிய மூட்டையை ப்ரொடக்ஷன் நிலையிலேயே கட்டினால், வெப்பேக் பாதைகளுக்குப் பதிலாகச் சிற்றெண்களையே இடுகிறது; சோர்ஸ் மேப்பில் கோப்புகளின் பெயர் எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் அதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். விவரக்கோப்பிலிருந்து பதிப்பெண் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதும், எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே சூழலை அமைத்துத் தரும் டாக்கர் என்னும் கருவிக்குள் எல்லோரும் ஒரே பெயருடைய ஃபோல்டரில் கட்டுவதும் நல்ல பழக்கங்கள்.

இத்தனைக்குப் பிறகும், வெளியிடும் முன் மூட்டையிலும் மேப்பிலும் பயனர் ஃபோல்டரின் பெயரைத் தேடி, அகப்பட்டால் வெளியீட்டையே நிறுத்திவிடும் ஒரு சோதனையை வைத்துக்கொள்வது நலம். விண்டோஸ் பாதைகளில் வரும் பின்சாய்கோடு நிரலுக்குள் இரட்டித்தே எழுதப்படுவதால், அந்த இரட்டை வடிவத்தையும் சேர்த்தே தேட வேண்டும்.