தோட்ட வேலைக்கு ஏற்ற கையுறை

சங்க நூல்களைப் பயின்றோர்க்குக் 'கையுறை' என்றதும், தலைவன் தலைவிக்கு அளிக்கும் தழையும் பூவுமாகிய பரிசு நினைவுக்கு வரும். இன்று அச்சொல் கையை மூடும் உறையைக் குறிக்கிறது. அவ்வுறையைப் பற்றியே இங்குச் சிறிது கூற விழைகிறோம்.

மும்பையில் வாழும் தமிழர்க்குத் தோட்டம் என்பது பெரும்பாலும் செம்பூர்க் குடியிருப்பின் சுவரோரத்துப் பாத்தியாகவோ, மாட்டுங்கா வீட்டுப் பால்கனியில் வைத்த நான்கு தொட்டிகளாகவோதான் இருக்கும். இதற்குமா கையுறை என்று நேயர்கள் வினவலாம். மண்ணின் இயல்பை அறிந்தால் அவ்வினா எழாது. இசிவு நோயை விளைக்கும் கிருமியின் வித்துகள் மண்ணில் பல்லாண்டுகள் அழியாமல் கிடப்பவை. முள் குத்திய சிறு துளையே அவை உடலுட் புகப் போதும். மழைக்காலத்திலோ, எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணும் தேங்கிய நீரும் எலிக்காய்ச்சலைப் பரப்புகின்றன. 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அவ்வெள்ளத்தை அடுத்து இந்நோய் பலரைப் பற்றியது.

எனவே கையுறை வேண்டும். எத்தகைய கையுறை? இதில் நாமே ஒருமுறை பிழை செய்தோம். தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களுள் தமிழகத்திலிருந்து குடியேறியோர் பலர். பதனிடுதல் பெரும்பாலும் அங்கிருந்து அகன்றுவிட்டபோதிலும், தோற்பொருள் தைக்கும் தொழில் நிலைத்திருக்கிறது. அங்கு ஒரு நல்ல தோற்கையுறை வாங்கி, ஆடி மழையில் அதனை அணிந்து மண் கிளறினோம். உலர்ந்தபின் அது அட்டைபோல் விறைத்துப் போயிற்று. குற்றம் தோலினது அன்று, நம் தேர்வினது.

ரோஜா, காகிதப்பூ போன்ற முட்செடிகளைக் கத்தரிக்கத் தோலே சிறந்தது. அதுவும் முழங்கையளவு நீண்டதாயின் நன்று. ஈரமண்ணில் நடவும் களையெடுக்கவும், பின்னிய துணியின்மேல் ரப்பரோ நைட்ரைலோ பூசிய கையுறை ஏற்றது. ரப்பர் ஒவ்வாது தோலில் அரிப்புக் காண்போர் நைட்ரைலையே கொள்க. அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. கள்ளிப்பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு. இவற்றைத் தொடவும் பூசிய உறையே காப்பு. வெறும் பருத்தியுறை நீரையும் பாலையும் உறிஞ்சிக் கையிலேயே நிறுத்திவிடும். உலர்ந்த சருகைக் கூட்ட மட்டுமே அது உதவும்.

அளவும் இன்றியமையாதது. கட்டைவிரலை நீக்கி, உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளக்க. 8 அங்குலமாயின் 8ஆம் எண் உறை பொருந்தும். தளர்ந்த உறை கத்தரியின் பிடியை நழுவச் செய்யும். இறுகிய உறை விரல்களைச் சோர்வுறுத்தும். வேலை முடிந்ததும் கழுவத்தக்கவற்றைக் கழுவி நிழலில் உலர்த்துக. மறுமுறை அணியுமுன் உதறிப் பார்க்க. பூரான் புகுந்திருத்தல் கூடும்.

எத்துணை நல்ல உறையும் இசிவுத் தடுப்பூசிக்கு ஈடாகாது. 10 ஆண்டுக்கு ஒருமுறை அதனை இட்டுக்கொள்ளுதல் நலம்.

இறுதியாக ஒன்று. நம் குடியிருப்புகளில் நாள்தோறும் மண்ணிற் கை வைப்பவர் நாமல்லர். வெறுங்கையுடன் உழைக்கும் தோட்டக்காரரே. நமக்கொரு இணை வாங்கும்போது அவர் கையையும் அளந்து ஓர் இணை வாங்கி அளிப்போமாக. கையுறையே கையுறையாகும்போது, அச்சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் ஒன்றாகிவிடும்.