காற்று போகும் பக்கத்தில் நிற்பவர்

பட்டத்தின் இழுவிசையால் நீரின்மேல் பலகையில் சறுக்கிச் செல்லும் கைட் சர்ஃபிங், கடற்கரையில் நிகழும் பிற விளையாட்டுகளிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. நீந்துபவரும் அலைச்சறுக்கு வீரரும் துணிந்து ஏற்கும் ஆபத்து பெரும்பாலும் அவர்களுடைய உடலோடு நின்றுவிடும். பட்டத்தைச் செலுத்துபவரோ ஏறக்குறைய 25 மீட்டர் நீளமுள்ள மெல்லிய கயிறுகளையும், பத்துச் சதுர மீட்டர் அளவிலான துணிப்பரப்பையும் தம்மோடு கொண்டு செல்வதால், அவர் செய்யும் பிழைக்கான விலையை அவ்விளையாட்டைப் பற்றி ஏதும் அறியாத ஒருவர், மணலில் அமர்ந்திருக்கும் குழந்தையோ வலை இழுத்துக்கொண்டிருக்கும் மீனவரோ, கொடுக்க நேரலாம். ஆகவே இங்கே பாதுகாப்பு என்பது வீரர் தம் உயிரைக் காத்துக்கொள்வது மட்டுமன்று. தம்மைச் சுற்றியுள்ளவர்களுக்கு அவர் செலுத்த வேண்டிய கடனும் ஆகும்.

பிரான்சின் பிரிட்டனி கடற்கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகெய்னூ என்னும் சகோதரர்கள், காற்றடைத்த குழாய்களைச் சட்டமாகக் கொண்ட பட்டம் ஒன்றுக்கு 1984இல் காப்புரிமை கோரினர். நீரில் விழுந்தாலும் மூழ்காமல் மிதந்து, அங்கிருந்தே மீண்டும் மேலெழும்பக்கூடிய அந்த வடிவமே, 1990களின் பிற்பகுதியில் ஹவாயின் மாவி தீவில் இவ்விளையாட்டு வேகமாக வளர வழிவகுத்தது. தொடக்ககாலப் பட்டங்களில் இழுவிசையைக் குறைப்பதற்கான வழி மிகவும் குறைவாக இருந்ததால், திடீரென்று காற்று வலுத்தால் வீரர் அதன் போக்கில் இழுபட்டுச் செல்வதைத் தவிர வேறு வழியில்லாத நிலை இருந்தது. 2005ஆம் ஆண்டை ஒட்டி, அதே புரூனோ லெகெய்னூவின் உழைப்பில் வெளிவந்த வில்வடிவப் பட்டம் இந்நிலையை மாற்றியது. கைப்பிடிச் சட்டத்தைத் தளர்த்தினால், பட்டம் தன் சாய்வை மாற்றிக்கொண்டு காற்றின் பெரும்பகுதியை நழுவவிட்டுவிடும் வகையில் அது அமைந்திருந்தது. இன்று விற்பனையாகும் பட்டங்களில் பெரும்பாலானவை அக்கருத்தின் வழிவந்தவையே.

கருவி மேம்பட்டாலும் காற்றின் இயற்பியல் மாறவில்லை. பட்டத்தின் இழுவிசை அதன் பரப்பளவைப் பொறுத்து நேர்விகிதத்தில் கூடுகிறது. காற்றின் வேகத்தைப் பொறுத்தோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், வீசும் காற்று ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் ஏறக்குறைய 60 நியூட்டன் விசையைத் தருகிறது என்பதால், 12 சதுர மீட்டர் பட்டம் ஒன்று அமைதியாக நிற்கும்போது தோராயமாக 73 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். அதே பட்டம் வானில் வேகமாகப் பாயும்போது, இயற்கைக் காற்றோடு பாய்ச்சலால் உண்டாகும் எதிர்காற்றும் சேர்ந்துகொள்கிறது. இவ்வாறு பட்டம் உணரும் காற்று நொடிக்கு 20 மீட்டரை எட்டினால், விசை ஏறக்குறைய 290 கிலோவாகப் பெருகுகிறது. காற்று 36 கிலோமீட்டரிலிருந்து 54 கிலோமீட்டருக்குத் திடுமென உயர்வது கடற்கரையில் அரிதான நிகழ்வு அன்று. அந்த ஒரு வீச்சில் இழுவிசை இரண்டேகால் மடங்காகிவிடும்.

காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர் தம் முன்னால் ஒரு கால்பங்குக் கோளத்தைக் கற்பனை செய்துகொண்டால், கயிற்றின் நீளத்தை ஆரமாகக் கொண்ட அக்கோளத்தின் மேற்பரப்பிலேயே பட்டம் எப்போதும் இயங்குகிறது. கோளத்தின் விளிம்புகளிலும் தலைக்கு நேர்மேலேயும் இழுவிசை குறைவு. நேர்முன்னே, காற்றின் நடுப்போக்கில், அது உச்சத்தை அடைகிறது. இதிலிருந்து பெறப்படும் முடிவு எளியது. ஆயினும் எல்லா விதிகளுக்கும் அதுவே வேர். பட்டம் விழுந்தாலும், கயிறு அறுந்தாலும், வீரர் இழுபட்டாலும், எல்லாம் காற்று போகும் பக்கத்திலேயே நிகழும். எனவே பட்டத்தை எழுப்பும்போதும் இறக்கும்போதும், காற்று போகும் பக்கத்தில் குறைந்தது இரண்டு கயிறு நீளத்துக்கு, அதாவது ஏறக்குறைய 50 மீட்டருக்கு, மனிதரோ படகோ மரமோ சுவரோ இருக்கக்கூடாது என்பது பயிற்றுநர்கள் வலியுறுத்தும் குறைந்தபட்ச அளவாகும். அந்த இடைவெளி கிடைக்காத கடற்கரையில் பட்டத்தை எழுப்பாமல் திரும்புவதே திறமை எனக் கருதப்பட வேண்டும்.

காற்று கடலிலிருந்து நேராகக் கரையை நோக்கி வீசும்போது, அந்த 50 மீட்டர் வெளி மக்கள் நடமாடும் மணற்பரப்பின்மீதே விழுகிறது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போதோ மணலில் இருப்பவர்களுக்கு ஆபத்து குறைந்து, வீரர் ஆழ்கடலுக்குத் தள்ளப்படும் ஆபத்து கூடுகிறது. கரைக்கு இணையாகவோ சற்றுச் சாய்வாகக் கரையை நோக்கியோ வீசும் காற்றே இரு தரப்புக்கும் ஏற்றது. கரையோரச் சவுக்குத் தோப்பும் கட்டடங்களும் காற்றைக் கலைத்து, தம் உயரத்தைப்போல் பல மடங்கு தொலைவுவரை சுழல்களை உண்டாக்குவதால், அவற்றின் மறைவில் பட்டம் ஒரு நொடி தளர்ந்தும் மறுநொடி முறுக்கேறியும் நிற்கும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

வலுத்த காற்றில் பட்டம் மனிதரைத் தூக்கிவிடும் என்பதை ஈழத்து வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2021 டிசம்பரில் யாழ்ப்பாணத்தின் பருத்தித்துறைப் பகுதியில், பெரிய பட்டம் ஒன்றின் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் ஒருவர் பல அடி உயரத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்ட காணொளி உலகமெங்கும் பரவியது. கைகளை விட்டால் கயிறு விடுபடும் நிலையில் அவர் இருந்தார். கைட் சர்ஃபிங் வீரரோ இடுப்புப் பட்டையின் கொக்கியோடு பட்டத்தில் பிணைக்கப்பட்டிருக்கிறார். 2008 ஆகஸ்டில் ஃபே என்னும் வெப்பமண்டலப் புயல் நெருங்கிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் கடற்கரையில் பட்டமேற்றிய ஒருவர், மழைமேகத்தின் முன்னே பாய்ந்துவந்த காற்றில் சிக்கி, மணலைக் கடந்து, சாலையையும் கடந்து, எதிரிலிருந்த கட்டடத்தில் மோதிப் படுகாயமடைந்ததைத் தொலைக்காட்சி ஒளிப்பதிவுக் கருவிகள் பதிவு செய்தன. அப்பாதையில் அவ்வேளையில் ஒரு குடும்பம் நடந்து சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் கேள்வி.

இத்தகைய தருணங்களுக்காகவே விடுவிப்புப் பொறி உருவாக்கப்பட்டது. அது மூன்று படிகளைக் கொண்டது: முதலில் வீரர் கைப்பிடிச் சட்டத்தைக் கைவிடுகிறார், அது போதாதெனில், இடுப்புக் கொக்கியருகே உள்ள விடுவிப்பானைத் தள்ளியதும் பட்டம் ஒரே ஒரு பாதுகாப்புக் கயிற்றில் கொடிபோல் தளர்ந்து தொங்குகிறது, அதற்கும் அடங்காதபோது பாதுகாப்புக் கயிற்றையும் துண்டித்துப் பட்டத்தை முற்றிலுமாகக் கைவிடலாம். இப்பொறி பாரம் ஏறிய நிலையிலும், மணல் புகுந்த நிலையிலும் இயங்க வேண்டும் என்பதால், அதற்கான தேவைகளையும் சோதனை முறைகளையும் ஐஎஸ்ஓ 21853 என்னும் பன்னாட்டுத் தரநிலை 2020இல் வகுத்தது. ஆனால் பொறியைவிட மனிதரின் அனிச்சைச் செயலே பெரிய சிக்கல். அச்சம் ஏற்படும்போது கையிலுள்ளதை இறுகப் பற்றித் தன்பக்கம் இழுப்பது மனித இயல்பு; பட்டத்திலோ சட்டத்தைத் தன்பக்கம் இழுப்பது விசையைக் கூட்டும் செயலாகும். கைவிடுதல் என்னும், இயல்புக்கு எதிரான இச்செயலை உடல் கற்றுக்கொள்ளும்வரை, கரையில் மீண்டும் மீண்டும் பழகுவதைத் தவிர வேறு வழி இல்லை. காணொளி பார்த்துத் தாமே கற்றுக்கொள்ள முயல்வோர் தவறவிடுவது இப்பயிற்சியைத்தான்.

மூன்றாவது படியில் ஓர் அறச்சிக்கலும் இருக்கிறது. முற்றிலும் விடப்பட்ட பட்டம் செலுத்துபவரைக் காப்பாற்றுகிறது. ஆனால் அக்கணம் முதல் அது உரிமையாளர் அற்ற பொருளாக, நான்கு கயிறுகளை இழுத்துக்கொண்டு கரையின் குறுக்கே பறக்கிறது. அக்கயிறுகள் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புடையவை. நூற்றுக்கணக்கான கிலோ இழுவையைத் தாங்கும் பாலிஎத்திலீன் இழைகளால் ஆனவை. முறுக்கேறிய நிலையில் தோலை எளிதில் அறுத்துவிடும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலால் சென்னைச் சாலைகளில் பறிபோன உயிர்களை அறிந்தவர்களுக்கு இந்த ஆபத்தின் தன்மை விளங்கும். ஆகவே கடைசிப் படி ஒருபோதும் தேவைப்படாத இடத்தையும் காற்றையும் தேர்ந்தெடுப்பது, விடுவிப்பானை இயக்கக் கற்பதைவிட முந்தைய கடமையாகிறது. தரையில் கிடக்கும் கயிறுகளை உடனே சுருட்டுவதும், இறக்கிய பட்டத்தின்மேல் மணலைக் குவித்து அசையாமல் வைப்பதும் சிறிய செயல்களாகத் தோன்றலாம். கயிற்றில் ஒரு சிறுவனின் கால் சிக்கியிருக்கும் நேரத்தில் பட்டம் மேலெழுந்தால், அவை சிறிய செயல்கள் அல்ல என்பது தெரியும்.

நீரின்மேல் வீரர்கள் தமக்குள் பின்பற்றும் முன்னுரிமை விதிகள் பெரும்பாலும் பாய்மரக் கடலோட்ட மரபிலிருந்து வந்தவை. எதிரெதிரே வரும் இருவரில் வலக்கை முன்னிருப்பவருக்கு முன்னுரிமை. கரையிலிருந்து புறப்படுபவருக்குத் திரும்பி வருபவர் வழிவிட வேண்டும். ஒருவரையொருவர் கடக்கும்போது காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் பட்டத்தை உயர்த்தவும், மற்றவர் தாழ்த்தவும் வேண்டும். 2001இல் தொடங்கப்பட்ட ஐகேஓ என்னும் பன்னாட்டுப் பயிற்சி அமைப்பு, குதிக்க விரும்புபவர் காற்று போகும் பக்கத்தில் 50 மீட்டரும் காற்று வரும் பக்கத்தில் 30 மீட்டரும் வெறுமையாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. நீந்துபவருக்கும் அலைச்சறுக்கு வீரருக்கும் முன் இந்த விதிகளெல்லாம் ஒரே விதியாகச் சுருங்குகின்றன: பட்டக்காரர் விலகிச் செல்ல வேண்டும். நீருக்கடியில் கத்திபோன்ற தகடுகளைக் கொண்ட ஃபாயில் பலகைகள் பரவிய பிறகு இவ்விதியின் தேவை இன்னும் கூடியிருக்கிறது. முன்பெல்லாம் பலத்த காற்று வீசும் நாளில், கடற்கரை வெறிச்சோடிக் கிடக்கும்போதுதான் பட்டங்கள் எழும். ஃபாயில் பலகையோ மென்காற்றிலும் ஓடும் என்பதால், குடும்பங்கள் குளிக்க வரும் இதமான நாளிலேயே இரு தரப்பும் ஒரே நீரில் சந்திக்கின்றன.

நியூசிலாந்தில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், நீந்துபவரிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மணிக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர் வேகத்தை மீறக்கூடாது என்னும் கடல்சார் விதி பட்டப் பலகைக்கும் பொருந்தும். பிரான்சில் இதே வேக வரம்பு கரையிலிருந்து 300 மீட்டர்வரை நீள்கிறது. ஆயினும் எந்த அரசும் ஒவ்வொரு மணற்கரையிலும் காவலரை நிறுத்த இயலாது. சட்டம் எட்டாத அந்த இடத்தை நிரப்புவது வீரர்களின் கூட்டுக் கட்டுப்பாடே. மாவியின் கனஹா கடற்கரையில், மீனவர்களுக்காகக் காலை 11 மணிக்கு முன் பட்டம் ஏற்றுவதில்லை என்பது நிலைபெற்ற நடைமுறை. பிரிட்டனில் கடற்கரைச் சங்கங்கள் உள்ளூர் நெறிகளை வகுக்கின்றன; தேசிய அமைப்பு, பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீட்டைத் தன் உறுப்பினர்களுக்குப் பெற்றுத் தருகிறது. ஃபுளோரிடாவில் ரிக் ஐயோசி என்னும் வீரர் பல ஆண்டுகளாக விபத்துகளைத் தொகுத்து, அவற்றின் காரணங்களை மறைக்காமல் சக வீரர்களிடம் கொண்டு சென்றார். தவறுகளைப் பேசத் துணியும் சமூகமே அவற்றைத் திருத்தவும் முடியும் என்பதால், இப்பணி எந்தச் சட்டத்துக்கும் குறைந்ததன்று. மாறாக, கட்டுப்பாடு தளர்ந்த கடற்கரைகளில் ஒரே ஒரு விபத்துக்குப் பிறகு முழுத் தடை வந்துவிடக்கூடும். பொறுப்போடு நடந்தவர்களும் அதனால் கரையை இழப்பார்கள்.

இலங்கையின் கற்பிட்டியில் மே முதல் அக்டோபர்வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று உலகெங்கிலுமிருந்து வீரர்களை ஈர்க்கிறது. மண்டபம், இராமேஸ்வரம் பகுதியிலும் பயிற்சிப் பள்ளிகள் தோன்றியுள்ளன. இரண்டு இடங்களிலும் கடற்கரை, விளையாட்டு வருவதற்கு முன்பே தொழிற்களம். கரைவலைக் கயிறு மணலிலிருந்து கடலுக்குள் நெடுந்தொலைவு நீண்டிருக்கும் நேரத்தில், அதைப் பட்டப் பலகை கடப்பது வலைக்கும் மனிதருக்கும் கேடு. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் ஆழமற்ற நீரில் மூழ்கியும் எழுந்தும் வேலை செய்வதால், வேகமாகச் சறுக்கி வருபவர் கண்ணுக்கு அவர்களுடைய தலை கடைசி நேரத்தில்தான் தெரியும். காது நிறையக் காற்றோசை இருக்கும்போது எச்சரிக்கைக் குரலும் எட்டாது. குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பகுதிக் காயல்களில் இரைதேடும் பூநாரைகளும் இதே ஆழமற்ற நீரையே நம்பியிருக்கின்றன.

ஆகவே பயிற்சிப் பள்ளிகளுக்கும் வருகை தரும் வீரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவக்காற்று தொடங்குமுன், மீனவர் சங்கத்தாரையும் பாசி எடுக்கும் பெண்களையும் ஒரே இடத்தில் சந்தித்து, கரைவலை வளைக்கும் நேரமும் பாசிப் படுகைகளும் எவையென அவர்கள் வாயாலேயே கேட்டு, பட்டம் எழும் இடத்தையும் எழக்கூடாத இடத்தையும் குறித்த பலகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கடற்கரையில் நட வேண்டும். அந்த எல்லையை மீறுபவருக்குப் பட்டமும் பயிற்சியும் கொடுப்பதில்லை என்று பள்ளிகள் தமக்குள் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.