ஒரு பிணமும் அரைக்கோடிப் பிணங்களும்!

பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில், வலை உலர்த்தும் திடலில் நண்பர்கள் நம்மைச் சூழ்ந்து கொண்டனர். "அண்ணே! பழைய பத்திரிகையிலே வந்த பயங்கரச் சேதி ஒன்று சொல்லுங்கள்" என்றனர். சொன்னோம்.

1952, ஆகஸ்டு மாதம். சென்னையிலிருந்து தனுஷ்கோடி நோக்கிப் பாய்ந்தோடிய போட்மெயிலில், மானாமதுரை அருகே மூக்கைத் துளைத்தது நாற்றம்! கேட்பாரற்றுக் கிடந்தது ஒரு டிரங்குப் பெட்டி. திறந்தனர், திகைத்தனர். உடல் இருந்தது, தலை இல்லை! தலையோ இராயபுரம் கடற்கரையில் அகப்பட்டது. செத்தவர் சென்னைப் பேனா வியாபாரி ஆளவந்தார் என்று தெரிந்தது. வழக்கைக் காண நீதிமன்றத்தில் கூட்டம். பத்திரிகைகளில் பத்தி பத்தியாகச் சேதி! குற்றவாளிகளான கணவனுக்கு 7 ஆண்டு, மனைவிக்கு 3 ஆண்டு சிறை.

"அப்பப்பா! இதைவிடப் பயங்கரம் உண்டா?" என்றார் ஒரு நண்பர்.

உண்டு தோழர்களே, உண்டு! உங்கள் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாயிலில் எலும்புக்கூட்டுச் சிலைகள் நிற்கின்றனவே, கண்டிருப்பீர்கள். அவை கல்லில் செய்தவை. சதையும் உயிரும் கொண்ட எலும்புக்கூடுகள் இந்தச் சென்னை மாகாணத்திலே நடமாடிய காலம் ஒன்று உண்டு. அதுதான் 1876 முதல் 1878 வரை நம் பாட்டன்மாரை வாட்டிய தாது வருஷப் பஞ்சம்!

ஹூப்பர் என்ற வெள்ளைப் பட்டாள அதிகாரி, அந்தப் பட்டினிப் பட்டாளத்தை உட்கார வைத்துப் படம் பிடித்தார். படத்திலே விலா எலும்பை எண்ணலாம்! 1877 ஜனவரி முதல் நாள், டில்லியிலே தர்பார். விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று முழக்கம். அதே மாதம், இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச வேலைக்காரனுக்குக் கூலி குறித்தார். எவ்வளவு? நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், அதோடு ஓரணா! மண் வெட்டுபவனுக்கு இது போதுமா? போதாது என்று வாதாடினார் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ். மாதங்கள் கழிந்த பிறகே கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனை அடுப்பு அணைந்தது!

உங்கள் ஏரியைத் தொட்டுச் செல்லும் பக்கிங்காம் கால்வாய்க்குப் பஞ்சகாலத்துக் கவர்னரின் பெயர். சென்னையிலே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் வெட்டு, 1877-78இல் நடந்த பஞ்ச நிவாரண வேலை. பெயர் கவர்னருக்கு, வியர்வை ஏழைக்கு! வெட்டியவன் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

பஞ்சத்திலே மாண்டவர் அரைக்கோடிக்கும் மேல் என்பது மதிப்பீடு. பெட்டியில் கிடந்த ஒரு பிணத்துக்கு வழக்கு உண்டு, சாட்சி உண்டு, தண்டனை உண்டு. அரைக்கோடிப் பிணங்களுக்கு? குற்றவாளிக் கூண்டில் எவரும் ஏறவில்லை!

எல்லாப் பேனாவும் உறங்கிவிடவில்லை. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி, பஞ்சத்தின் கதையை 1878இல் இரண்டு பாகங்களாக நூலாக்கினார். அவர்போல் எழுதி வைத்தவர்களால்தான் இன்று நாம் கணக்குக் கேட்க முடிகிறது.

ஆகவே தோழர்களே! பத்திரிகையைப் புரட்டும்போது கொட்டை எழுத்துக் கொலையோடு நின்றுவிடாதீர்கள். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தையும் படியுங்கள். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்ற ஒற்றை வரி அங்கேதான் கிடக்கும். அதை வெட்டி வையுங்கள். நாளை கணக்குக் கேட்க அந்தத் துண்டுக் காகிதம் வேண்டும்!